அறிமுகக் கூலி

குதிரையை விற்கப்போகிறேன் என்று லாயத்துக்காரி வாய் திறந்து சொன்ன அன்றைக்கே, அந்தக் குதிரைக்கு அதுவரை இல்லாத சொந்தக்காரர்கள் எல்லாம் முளைத்துவிட்டார்கள். புல்லுக்கட்டு கொண்டுவந்து இறக்குகிற லாரிக்காரன், "என் மச்சானுக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்குக்கா, முடிஞ்சா நம்மளையும் கொஞ்சம் கவனிச்சுக்கணும்" என்றான். தீவனக்கடைக்காரர் மூட்டையை எடைபோட்டுக்கொண்டே அதைத்தான் சொன்னார். வாழ்க்கையில் ஒரு குதிரைக்குப் பக்கத்தில்கூட நின்றிராத மருந்துக்கடைக்காரர், மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு, "பார்ட்டி அனுப்பினா நமக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டார்.

கவனிச்சுக்கணுமாம். பத்து வருடமாக அந்தக் குதிரையைக் கவனித்துக்கொண்டது அவள். லத்தி அள்ளியது அவள். வயிற்றுவலி வந்து அது தரையில் உருளப் பார்த்தபோது, படுக்க விடாமல் கயிற்றைப் பிடித்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தியது அவள். கவனிக்கப்பட வேண்டியவர்கள் மட்டும் ஊரெல்லாம் இருந்தார்கள்.

வீட்டுக்காரன் வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போனபோது உருப்படியாக விட்டுப்போனது ஆறு குதிரைகளும் ஒரு தகரக் கூரையும்தான். கூரை அடுத்த மழைக்குத் தாங்காது. ஆறில் நல்ல விலைக்குப் போகக்கூடியது சிவப்புக் குதிரை ஒன்றுதான். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வாளியைக் கழுவி ஊற்றாவிட்டால் தண்ணீர் குடிக்காது. இரண்டு தரம் கூப்பிடாவிட்டால் வராது. மற்றபடி தங்கம். சின்னப் பிள்ளைகளை ஏற்றினால் முட்டை மேல் நடப்பதுபோல நடக்கும்.

அவளுக்குத் துணை என்று இருந்தது அவளுடைய தம்பி ஒருவன். கணக்கு வழக்கு அவன் பொறுப்பு. யார் எது சொன்னாலும், "அனுசரிச்சுப் போயிடலாம்க்கா" என்பது அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

நிஜமாகவே ஒரு பார்ட்டியோடு வந்தவன் கையுறை. நகரத்துக் குதிரையேற்ற கிளப்பில் பயிற்சி கொடுக்கிறவன். டீ குடிக்கும்போதுகூட வெள்ளைக் கையுறையைக் கழற்றமாட்டான் என்பதால் லாயங்களில் அவனுக்கு அந்தப் பெயர். சேணங்கள் தொங்குகிற அறையில் நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார்க்கா. பொண்ணு என்கிட்டதான் கத்துக்குது. அவங்களுக்குக் காசெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

"கூட்டிட்டு வாங்க. பொண்ணு ஏறிப் பார்க்கட்டும்."

"விலை என்ன நினைச்சிருக்கீங்க?"

"நாலு லட்சம்."

மழலை கேட்டவன்போல அவன் சிரித்தான். "ஆறு சொல்லுங்க."

"எதுக்கு?"

"நாலு உங்களுக்கு. மேல இருக்கறது ஓடியாடி வேலை செய்யறவனுக்கு."

"நீங்க எங்க ஓடினீங்க? உக்காந்துதானே இருக்கீங்க?"

தம்பி இருமினான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"கூலி தரமாட்டேன்னு சொல்லல. ஆளைக் கூட்டிட்டு வர்றீங்க, குதிரை அந்தப் பொண்ணுக்கு ஒத்துவருமான்னு பார்க்கறீங்க. அது வேலைதான். பத்துல ஒரு பங்கு என் நாலுலேர்ந்தே தர்றேன். ரசீதுலயும் எழுதிடறேன், அவங்களுக்கும் தெரியட்டும்."

அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். "ரசீதுல எல்லாம் எதுக்குக்கா? அவங்க என்னை நம்பறாங்க. மனசு சங்கடப்படும்."

"யார் மனசு?"

கையுறை கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"குதிரை தேடித்தர அவங்ககிட்டயும் ஒரு கூலி பேசியிருப்பீங்களே?"

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒரே பைக்குள்ளதானே போகுது?"

"உலகம் தெரியாம பேசறீங்க" என்று எழுந்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். நேரில் பணம் கைமாறும் நேரத்தில் இவள் வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்திருப்பான். எல்லோரும் அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் பளபளவென்ற ஷூ போட்டுக்கொண்டு, லத்தி இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். பின்னால் அவர் மனைவி, அதிகம் பேசாத பெண். மகளுக்குப் பதினாறு வயது இருக்கும். வந்ததும் வராததுமாக நேரே மாப்பிள்ளையிடம் போய், முகத்துக்கு நேராகக் கையை நீட்டாமல், தோள் பக்கம் நின்று கழுத்தைத் தடவினாள். அந்த ஒன்றிலேயே லாயத்துக்காரிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

பெண் ஏறினாள். மாப்பிள்ளை இரண்டு சுற்று சாதாரண நடை நடந்தது. மூன்றாவது சுற்றில் அவள் கேட்காமலே காதை முன்னால் விறைத்துத் துள்ளோட்டத்துக்கு வந்தது. தாழ்வாக வைத்திருந்த தடையைத் தாண்டியபோது அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுன்னு கோச் சொன்னார்" என்றார் டாக்டர், கைபேசியைப் பையில் போட்டபடி. "கொஞ்சம் குறைச்சு முடிச்சுக்கலாமா?"

தம்பி அவள் முழங்கையை இடித்தான்.

"விலை நாலு லட்சம்" என்றாள் அவள். "அதுல பத்துல ஒரு பங்கு உங்க கோச்சுக்கு நான் தர்றேன். அதுக்கு மேல நீங்க அவருக்கு என்ன தர்றீங்கங்கறது உங்க பாடு. ஆறுங்கறது அவர் போட்ட கணக்கு."

கையுறையின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். டாக்டரோ கடகடவென்று சிரித்தார்.

"ஏம்மா, இதெல்லாம் எந்தத் தொழில்ல இல்ல? நான் ஒரு ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தா அந்த சென்டர்லேர்ந்து எனக்கு வருது. அதுக்காக பேஷன்ட்டை உக்கார வெச்சு விளக்கம் சொல்லிட்டிருப்பேனா? எல்லாருக்கும் உள்ளதுதான். வாய்விட்டுச் சொல்றதுதான் நாகரிகம் இல்ல."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தரையைப் பார்த்தாள்.

டாக்டர் தன் கட்சி என்று தெரிந்ததும் கையுறைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சார், நான் சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன்" என்று குரலைத் தாழ்த்தினான். "அந்த முன்னங்கால், இடது பக்கம். லேசா ஏதோ இருக்கு. அதான் நாலுக்கு இறங்கி வர்றாங்க."

"அப்படியா?" என்று டாக்டர் குனிந்து இரண்டு விரலால் மாப்பிள்ளையின் காலை அழுத்தினார். மனிதர்களின் எலும்பைப் பார்த்தே வீடு கட்டியவர். "ம்ம். சூடு தெரியுது" என்றார்.

"இப்பதானே ஓடிட்டு வந்து நிக்குது!" என்றாள் லாயத்துக்காரி. "நாலு காலையும் தொட்டுப் பாருங்க, எல்லாம் சூடாத்தான் இருக்கும்."

"நான் இருபது வருஷமா கால் பார்க்கறேன்மா" என்றார் டாக்டர்.

அத்தோடு முடிந்தது. பெண் இறங்கமாட்டேன் என்று கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையுறை போய் இறக்கிவிட்டான். காரில் ஏறப்போன டாக்டரின் மனைவி நான்கடி திரும்பி வந்து, "அவர் பங்கை நீங்க ஏன் எங்ககிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"விலையைக் கேட்டாரு. அதுவும் விலைதானே."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தம்பி அன்றைக்குச் சாப்பிடும்போதெல்லாம் புலம்பினான். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா கூரை வந்திருக்கும். அவன் பங்கு அவங்க காசு. உனக்கென்ன போச்சு?"

"ஆமா, எனக்கு ஒண்ணும் போகல. அடுத்தவன் வீட்டுல திருட நான் ஏணி பிடிக்கணும், அவ்வளவுதான்."

ஆனால் போகத்தான் செய்தது. மாப்பிள்ளைக்குக் கால் சரியில்லை என்று கையுறை வாயை வாடகைக்கு விட்டதுபோலப் போன இடமெல்லாம் சொல்லி வைத்தான். வருகிறேன் என்றவர்கள் வரவில்லை. ஒருவர் வாசல் வரை வந்து, குதிரையைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். மருந்துக்கடைக்காரர்கூட இப்போது பார்ட்டி அனுப்புவது பற்றிப் பேசவில்லை; வலிக்குத் தடவ நல்ல களிம்பு வந்திருப்பதாகச் சொன்னார். லாயத்துக்காரி தார்ப்பாய் வாங்கித் தகரத்தின் மேல் போட்டுக் கல் வைத்துக் கட்டினாள். ராத்திரி படுக்கும்போது, தம்பி சொன்னதுதான் சரியோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கும். கையுறையின் அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும், நினைப்பு ஓடிவிடும்.

ஒரு மாதம் கழித்து லாடம் அடிக்க வந்த லாடக்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். குளம்பை மடியில் வைத்துச் சீவிக்கொண்டே சொன்னார்:

"உங்க எலும்பு டாக்டர் ஒரு கறுப்புக் குதிரை வாங்கினார், தெரியுமா? ஏழு லட்சம். கையுறைதான் முடிச்சுக் குடுத்தான். வித்தவன்கிட்ட ஒண்ணு, வாங்கினவர்கிட்ட ஒண்ணு, நடுவுல ஒண்ணு. வந்த மூணாவது வாரம் குதிரை காலைத் தூக்கிடுச்சு. வலி தெரியாம ஊசி போட்டுக் காட்டியிருக்கானுங்க. லாடம் அடிக்கப் போனேன், பாவம், காலை ஊனவே மாட்டேங்குது."

"கால் டாக்டர் காலைப் பார்க்கலயா?"

"பார்த்தாராம். பிரமாதமான காலுன்னாராம்."

லாயத்துக்காரி சிரிக்கவில்லை. ஊன்ற முடியாத கால் குதிரையின் கால் அல்லவா?

அடுத்த வாரம் டாக்டரின் மனைவி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். சேண அறையில் உட்காரச் சொன்னதும், சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

"அந்தச் சிவப்புக் குதிரை இன்னும் இருக்கா?"

"இருக்கு. கால் சரியில்லாத குதிரையை யார் வாங்குவா?"

"நான் வாங்கறேன். காலை ஒரு கால்நடை டாக்டரை வெச்சுப் பார்த்துக்கறேன். அவர் ஃபீஸை நான்தான் தருவேன், நீங்க தரக்கூடாது."

"அதான் முறை" என்றாள் லாயத்துக்காரி. இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிகிறது என்று மனதுக்குள் ஒரு மரியாதை வந்தது.

"ஸ்கேன் சென்டர்லேர்ந்து மாசாமாசம் கவர் வரும்" என்றாள் அவள், டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே. "நான்தான் வாங்கி பீரோல வைப்பேன். எத்தனை வருஷமா வைக்கறேன், ஒரு நாளும் எதுவும் தோணல. அந்தக் காசுலதான் கறுப்புக் குதிரை வந்துச்சு. இப்ப நான் தர்றது அது இல்ல. எங்கம்மா வீட்டை வித்ததுல என் பங்கு."

கால்நடை டாக்டர் வந்தார். ஓடவிட்டுப் பார்த்தார், காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். நாலு காலும் கல் தூண் என்று எழுதிக் கொடுத்தார். விலை பேச எதுவும் இல்லை. நாலு என்றால் நாலு. இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள்: குதிரை கிளப்புக்குப் போகாது, இங்கேயே இருக்கும், மாதச் செலவைக் கொடுத்துவிடுவாள், மகள் இங்கே வந்து ஏறுவாள்.

பணம் கொடுக்க டாக்டரின் மனைவி வந்திருந்த அன்று, சேண அறையில் தம்பியையும் சேர்த்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது லாயத்துக்காரியின் கைபேசி அடித்தது. ஒரு கையில் எண்ணெய்த் துணி இருந்ததால் மேசையில் வைத்தபடியே ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நான்தாம்மா, எலும்பு டாக்டர். வீட்ல அந்தக் குதிரையை வாங்கறதா சொன்னாங்க. சந்தோஷம்."

"சொல்லுங்க."

"இல்ல, முறைன்னு ஒண்ணு இருக்கே. அந்தப் பார்ட்டியை முதல்ல உங்ககிட்ட கூட்டிட்டு வந்தது நான்தானே?"

லாயத்துக்காரிக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்தப் பார்ட்டியை?"

"என் வொய்ஃபைத்தான்."

தம்பி எழுந்து நின்றுவிட்டான். டாக்டரின் மனைவி அசையவில்லை.

"கோச்சுக்குச் சொன்னீங்களே, பத்துல ஒரு பங்கு. அவன் இப்ப நடுவுல இல்ல. அந்தப் பங்கு நியாயமா எனக்குத்தான் வரணும். அவங்ககிட்ட சொல்லிக்க வேண்டாம், தேவையில்லாம வருத்தப்படுவாங்க."

லாயத்துக்காரி எதிரே பார்த்தாள். அந்த அம்மாவின் முகம் முதலில் சுண்டிப்போனது, பிறகு சிவந்தது, கடைசியில் என்னவோ லேசாகிவிட்டதுபோல ஆனது. சரி என்று சொல்லும்படி கையைக் காட்டினாள்.

"சரிங்க டாக்டர்" என்றாள் லாயத்துக்காரி. "என் தம்பிகிட்ட குடுத்தனுப்பறேன்."

அவர் வைத்ததும் அவள் கைபேசியைத் திருப்பிப் போட்டாள்.

"நாலுலேர்ந்து நான் ஒரு பைசா தரமாட்டேன்" என்றாள் லாயத்துக்காரி.

"நீங்க ஏன் தரணும்? பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு" என்றாள் அந்த அம்மா. "அவர் கவர்லேர்ந்து எடுத்து அவருக்கே குடுத்துடலாம். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஆஸ்பத்திரி ஹால் நிறைய ஆள் இருக்கும்போது குடுக்கணும். எதுக்குன்னு சத்தமா சொல்லிக் குடுக்கணும்."

தம்பி பின்வாங்கினான். "நானா? என்னால முடியாதுக்கா" என்றான். ஆனால் அனுசரித்தே பழகியவன் இதற்கும் அனுசரித்துப் போகவேண்டியதாயிற்று.

மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்: "ஹால்ல உக்கார இடமில்ல. கட்டுப் போட்ட கை, கட்டுப் போட்ட காலு. கவுன்டர்ல போய், குதிரை வித்ததுல டாக்டரோட கமிஷன் குடுக்க வந்திருக்கேன், அவர் வீட்டம்மா வாங்கின குதிரைன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. டாக்டர் வெளிய வந்தாரு."

"வந்து? முகம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கவரை வாங்கினாரு. அங்கயே நின்னு எண்ணினாரு. தேங்க்ஸ்னாரு. அந்தக் கோச் வந்து கேட்டா பங்கு போயாச்சுன்னு சொல்லிடுன்னாரு. அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டாரு."

"ஜனங்க?"

"ஜனங்க அவங்கவங்க டோக்கனைப் பார்த்துக்கிட்டாங்க."

லாயத்துக்காரி துடைத்துக்கொண்டிருந்த கடிவாளத்தைக் கீழே வைத்தாள். வெட்கப்படுவார் என்று அல்லவா அத்தனை ஏற்பாடும் செய்தார்கள்! வெட்கம் இருக்கிறவனைத்தான் வெட்கப்படுத்த முடியும் என்பது அவர்கள் இரண்டு பேருக்குமே தோன்றாமல் போயிற்று.

டாக்டர் சொன்னது போலவே கையுறையும் வந்தான். பெண் மாப்பிள்ளை மேல் இருந்தாள். அவள் அம்மா வேலி ஓரம் நின்றாள். லாடக்காரர் நிழலில் இன்னொரு குதிரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் கையுறை, "வித்துட்டீங்களாமே? முதல்ல காட்டினது நான். என் பங்கு?" என்றான்.

"எதுக்குப் பங்கு?" என்றாள் லாயத்துக்காரி. "கால் கெட்ட குதிரைன்னு நீங்கதானே சொன்னீங்க? கெட்ட குதிரையைக் காட்டினதுக்கா கூலி?"

"யார் சொன்னது கெட்ட குதிரைன்னு? அருமையான குதிரை."

"இடது முன்னங்கால்?"

"அதுக்கென்ன? ஒண்ணுமே இல்ல. அன்னைக்கும் ஒண்ணுமில்ல, இன்னைக்கும் ஒண்ணுமில்ல. எங்க வேணா வந்து சொல்றேன்."

லாடக்காரர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் துப்பிவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தாள். காசு வரும் என்றால் தன் வாயாலேயே தன் பொய்யைக் கழுவி ஊற்றத் தயாராக இருந்த அந்த ஆளைப் பார்க்க, லாயத்துக்காரிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. மாட்டு ஈ மேலே உட்கார்ந்ததுபோல உடம்பு கூசியது.

"உங்க பங்கை டாக்டர் வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றாள். "அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

கையுறை விரைந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் கட்டிப் புரளாத குறை என்று கேள்வி. நீ ஊசி போட்ட குதிரையை என் தலையில் கட்டினாய் என்றார் அவர். நீ பெண்டாட்டியையே பார்ட்டி என்று விற்றாய் என்றான் இவன். லாடக்காரர் ஒரு வாரத்துக்கு வாய் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளையின் காலைப் பற்றிய பேச்சு அத்தோடு அடங்கியது. லாடக்காரர் சொன்னதை நம்பி இவளுடைய மற்ற குதிரைகளைப் பார்க்கவும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கறுப்புக் குதிரையை அந்த அம்மாவே வண்டி வைத்து இங்கே கொண்டுவந்து விட்டாள். இனி அது சவாரிக்கு ஆகாது. மர நிழலில் நின்று புல் தின்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஊனுகிறது.

அந்த இரண்டு பேரும் ஜென்ம விரோதி ஆகிவிடுவார்கள் என்று தம்பி நம்பினான். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது முதுகு வலி என்று யார் பிள்ளையைக் கூட்டிப்போனாலும், டாக்டர் முதுகு நிமிரக் குதிரையேற்றம் நல்லது என்று கையுறையின் கிளப்புக்கு எழுதிக் கொடுக்கிறார். கிளப்பில் விழுந்து கை உடைகிற பிள்ளைகளைக் கையுறை நேரே அவரிடம் அனுப்புகிறான். அதில் இவருக்கு ஒரு பங்கு, இதில் அவனுக்கு ஒரு பங்கு.

தம்பி வந்து இதைச் சொன்னபோது லாயத்துக்காரி மாப்பிள்ளையின் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பேசாம நாமளும் ஏதாவது..." என்று அவன் ஆரம்பித்தான்.

அவள் வாளித் தண்ணீரை அவன் காலடியில் வீசி ஊற்றினாள். அவன் துள்ளி விலகிக்கொண்டான்.

"போய் வேற தண்ணி பிடிச்சுட்டு வா" என்றாள்.